அம்மை போட்டிருக்கிறது, டோக்கன் கிடைக்கவில்லை: கேளுங்கள் டாக்டர்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், நேற்று உடம்பெல்லாம் கொப்புளம். வழக்கமாகப் போகும் கிளினிக்கில் காலையில் ஃபோன் செய்துதான் டோக்கன் வாங்க வேண்டும், லைனே கிடைக்காது. ஒருவழியாகக் கிடைத்தபோது "அம்மையா, கூட்டிட்டு வராதீங்க" என்று வைத்துவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மாத்திரையே கூடாது என்கிறார் மாமியார். கணவருக்கு 36 வயது, இதுவரை அம்மை வந்ததில்லை. அடுத்த வாரம் நாத்தனாருக்கு வளைகாப்பு, முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வருகிறோம். அம்மை என்று சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய்விடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பியாகிவிட்டது, பத்திரிகை கைக்கு வரும் வரை அம்மை காத்திருக்காது. இது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

சொல்லாமல் போகாதீர்கள். சின்னம்மை காற்றிலேயே பரவும். அந்த ஹாலில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை இருக்கும், கர்ப்பிணி இருப்பார், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கூட இருக்கலாம். கிளினிக்காரர்கள் வராதீர்கள் என்றது சரி, அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் ஃபோனை வைத்ததுதான் எனக்குக் கோபம். மறுபடி அழைத்து, குழந்தையின் வயது, எடை, கொப்புளம் வந்த நாள், காய்ச்சல் அளவு எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லுங்கள். கடைசி டோக்கன் தர முடியுமா, கூப்பிடும் வரை வெளியே வண்டியிலேயே இருக்கலாமா, இல்லை டாக்டர் ஃபோனிலேயே பேசுவாரா என்று கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி பதிவு பெற்ற டாக்டர் ஃபோனிலோ வாட்ஸ்அப்பிலோ பார்த்து மருந்து எழுதித் தரலாம், அதற்கு ஃபீஸ் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அதுவும் நடக்கவில்லையா, அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம், 104-க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். சென்னைக்காரர்களுக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

மகளைப் பற்றி அதிகம் பயம் வேண்டாம். வேறு நோய் இல்லாத ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் இது தானாகவே அடங்கிவிடும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபனும் கூடவே கூடாது. மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாட்களை விடாதது, இளநீர், மோர் எல்லாமே எனக்குச் சம்மதம்தான், வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் ஆட்கள் திரும்பிப் போகிறார்களே, எந்த போர்டு அந்த வேலையைச் செய்யும்? மாத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் குளியல். முதல் நாளிலிருந்தே வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால்தான் தழும்பு நிற்கும்.

மூச்சு வாங்குவது, அசாதாரணத் தூக்கம், விடாத வாந்தி, நடையில் தள்ளாட்டம், ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து வீங்கிச் சுடுவது, விட்ட காய்ச்சல் திரும்ப வருவது, இதில் எதைப் பார்த்தாலும் டோக்கனாவது ஒன்றாவது, நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108.

உண்மையில் என் கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். பெரியவர்களுக்கு அம்மை கடுமையாகவே வரும், நுரையீரல்வரை போகலாம், அதுவும் ஒரே வீட்டில் இரண்டாவதாக வருபவருக்கு முதல் ஆளைவிட அதிகமாகப் போடுவதுண்டு. தொற்று ஏற்பட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் வராமலே தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு இருக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதையும் மீறிக் கொப்புளம் வந்தால், முதல் 24 மணி நேரத்துக்குள் ஏசைக்ளோவிர் தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் மகளுக்காகப் பேசும்போதே "இவருக்கு வந்தால் உடனே யாரை அழைப்பது" என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கொப்புளத்தைப் பார்த்த பிறகு டோக்கனுக்கு அலைந்தால் அந்த ஒரு நாள் அதிலேயே போய்விடும். மெடிக்கலில் கேட்டு நீங்களே வாங்கித் தராதீர்கள், கிட்னி கோளாறு இருந்தால் அளவு மாறும்.

நாத்தனாரை இப்போதைக்கு அழைத்து வர வேண்டாம். அவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்பது உங்கள் மாமியாருக்குத்தான் தெரியும், முதலில் அதைக் கேளுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தெரியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கர்ப்பத்தின்போது இந்தத் தடுப்பூசி போடக்கூடாது. கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும், அந்தச் சமயத்தில் அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இன்றே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மகளுக்கு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட ஒரு வாரம் போல ஆகும், அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், உங்கள் கணவருக்கு அதற்குப் பிறகு 21 நாள் வரைகூட வெளிப்படலாம். அதனால் வளைகாப்புக்கு அவர் போகவே வேண்டாம், அண்ணன் இல்லாமலா என்று சொந்தக்காரர்கள் பேசினால் பேசட்டும். முடிந்தால் ஒன்பதாம் மாதத்துக்கே தள்ளிவிடுங்கள், அதுவும் வழக்கம்தானே.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா? கண் டாக்டரிடம் மூன்று நாள் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட், அதுவரை கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: பார்த்தால் ஒட்டாது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் வரும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், அடிக்கடி கண்ணைக் கசக்காமலும் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடைக்காரர் சொல்லி வாங்கிப் போடாதீர்கள். சுத்தமான துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் தாராளமாகக் காத்திருக்கலாம். பார்வை மங்கினாலோ, வலி கடுமையாக இருந்தாலோ, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் போனாலோ அன்றே போய்விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கண் சிவந்த அன்றே லென்ஸைக் கழற்றிவிட்டு, அதை ஃபோனில் சொல்லி அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் கேளுங்கள்.