ஆப்பிரிக்க அறவியல் கட்டுரை: தனிமனிதருக்கு இடமில்லையா?

ஆப்பிரிக்க அறத்தில் தனிமனிதருக்கு இடமே இல்லை என்று நீங்கள் கட்டுரையில் எழுதியதை வழிகாட்டி திருப்பியனுப்பினார் என்றீர்கள். அவர் செய்தது சரி. முழுக் கண்டத்தையும் 'உபுண்டு'வில், அதாவது 'பிறரால்தான் நான் மனிதன்' என்ற கருத்தில், அடக்கியதுதான் தவறு; அது தென்னாப்பிரிக்க நுகுனி மொழிகளின் சொல். கானாவின் அகான் மக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடியவனை அவர்கள் 'ஒன்யே ஒனிபா' என்பார்கள், அதாவது மனிதனே அல்ல. நைஜீரிய மெய்யியலாளர் இஃபியானி மென்கிட்டி 1984இல், ஆள்தன்மை, அதாவது முழு மனிதர் என்ற நிலை, பிறப்பால் வருவதில்லை, சமூகத்துக்குள் படிப்படியாக ஈட்டப்படுகிறது என்று வாதிட்டார். கானாவின் மெய்யியலாளர் குவாமே ஜெச்சே இதை மறுத்தார். 'எல்லோரும் கடவுளின் பிள்ளைகள், யாரும் மண்ணின் பிள்ளை அல்ல' என்ற அகான் பழமொழியைக் காட்டி, பிறக்கும்போதே மதிப்பு உண்டு என்றார். இருவரின் வாதத்தையும் சிசுவை வைத்துச் சோதியுங்கள்: மென்கிட்டி சொல்வதுபோல் அது இன்னும் முழு மனிதராகவில்லை என்றால், அதன் உரிமை எங்கிருந்து வருகிறது? கட்டுரையின் பாதியை இந்தக் கேள்விக்கே கொடுங்கள்.