பழைய டீசல் வண்டியின் மைலேஜ் இறங்கினால் பயோடீசல்தான் காரணமா?

கேள்வி: என்னிடம் 1998 மிட்சுபிஷி பஜேரோ இருக்கிறது. 2.5 லிட்டர் டர்போ டீசல். வீடு ஈப்போவில், வேலை தைப்பிங்கில். முன்பெல்லாம் லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் கொடுத்தது, போன வருடத்திலிருந்து எட்டுதான் கொடுக்கிறது. "டீசலில் செம்பனை எண்ணெய் கலக்கிறார்கள், பழைய இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று பட்டறையில் சொல்கிறார்கள். விலை அதிகமான பி7 டீசலுக்கு மாறலாமா? சரவாக்கில் பி20 வந்துவிட்டதாம். அது இங்கேயும் வந்தால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதானா? டைமிங் பெல்ட் போன வருடம்தான் மாற்றினேன். டயரும் புதுசு, 31 அங்குலம். கேமரன் மலைக்குப் போனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது.

பதில்: பயோடீசல், அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்து டீசலில் கலக்கும் எரிபொருள், மைலேஜைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வண்டியில் குறைந்திருக்கிற அளவுக்குக் குறைக்க அதனால் முடியாது.

கணக்கைப் பார்ப்போம். செம்பனை பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். அது எரிகிற பொருள் அல்ல. அதனால் ஒரு கிலோ பயோடீசலில் இருக்கும் வெப்பம் சாதா டீசலை விட 13 சதவீதம் போலக் குறைவு. ஆனால் நாம் டீசலைக் கிலோவில் வாங்குவதில்லை, லிட்டரில் வாங்குகிறோம். பயோடீசல் கொஞ்சம் கனமானது என்பதால், லிட்டருக்கு லிட்டர் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 7 முதல் 9 சதவீதத்துக்குள் நின்றுவிடும். 8 என்றே வைத்துக்கொள்வோம். 'பி'-க்குப் பின்னால் வரும் எண் கலப்பின் சதவீதம். நீங்கள் போடும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்குதான் பயோடீசல். ஆக இழப்பு 0.8 சதவீதம். 60 லிட்டர் டீசலில் 570 கிலோமீட்டர் ஓடிய வண்டி 565 ஓடும். ஈப்போ நகரத்துக்குள் தினமும் சில சிவப்பு விளக்குகளில் ஏர்கான் போட்டபடி நின்றாலே இந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

உங்களுக்கோ ஒன்பதரை எட்டாகியிருக்கிறது, கிட்டத்தட்ட 16 சதவீதம். கலப்பே இல்லாமல் தொட்டி நிறையச் சுத்தமான பயோடீசலையே ஊற்றினாலும் மைலேஜ் 8.7-க்குக் கீழே போகக் காரணமில்லை. இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. 1980-களிலும் 90-களிலும் அன்றைய செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளை நூறு சதவீதச் செம்பனை டீசலிலும் பாதிக்குப் பாதி கலவையிலும் ஓட்டிப் பார்த்தது. பேருந்து ஒவ்வொன்றும் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. எல்லாம் அந்தக் காலத்து இன்ஜின்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பி10 நம் ஊருக்குப் போன வருடம் வந்த சரக்கில்லை. தீபகற்ப மலேசியாவில் 2011-இல் பி5 தொடங்கியது, அப்புறம் பி7 ஆனது, 2019 பிப்ரவரியிலிருந்து பி10. அப்படியென்றால் வண்டி லிட்டருக்கு ஒன்பதரை கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் உங்கள் தொட்டியில் இதே டீசல்தான் இருந்திருக்கிறது. டீசலில் மாறியது விலை. 2024 ஜூன் 10-ஆம் தேதி 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. முன்பு 100 ரிங்கிட்டுக்கு 46 லிட்டருக்கு மேல் கிடைத்தது, அன்றைக்கு 30 லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. "100 ரிங்கிட் போட்டால் எத்தனை நாள் ஓடும்" என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வண்டி திடீரென்று அதிகம் குடிப்பது போலத் தெரிந்தது. நீங்கள் லிட்டர் கணக்கில் சொல்லியிருக்கிறீர்கள், சரி. இருந்தாலும் ஒருமுறை முறையாக அளந்துவிடுங்கள். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்தி நிரப்புங்கள். தொடர்ந்து மூன்று தொட்டிக்கு இப்படிச் செய்து சராசரி எடுத்தால்தான் அது மைலேஜ்.

இனி உங்கள் கடிதத்திலேயே இருக்கிற இரண்டு துப்புகளுக்கு வருகிறேன். போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவைதான்.

ஒன்று டயர். அந்த மாடலோடு வந்தது 265/70 ஆர்15 என்றால் அதன் விட்டம் 752 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் 787. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி நிஜமாக ஓடியது 104.6 கிலோமீட்டர். அதனால் நீங்கள் எட்டு என்று எழுதி வைப்பது உண்மையில் 8.4 அளவில் இருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்து 50 கிலோமீட்டர் ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் உங்களுக்கே விளங்கிவிடும். ஆக, குறைந்ததில் கால் பங்கு குறையவே இல்லை, மீட்டர் மறைத்த தூரம் அது. ஆனால் டயரின் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம், தடிமனாக, சேற்றில் ஓட்டும் வகையாக இருந்தால் தார்ச் சாலையில் அது நிஜமாகவே டீசல் தின்னும். காற்றழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எனக்கு அதிகச் சந்தேகம் உள்ள இடம்: டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட்டைக் கழற்றியதும் பம்பின் பல்சக்கரம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் தானாகக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். அதைப் பூட்டி வைக்காமல் புது பெல்ட்டை மாட்டினால் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டீசல் தாமதமாகப் பீய்ச்சப்பட்டால் இழுவை குறையும், காலையில் வெள்ளைப் புகை வரும், மைலேஜ் விழும். கோலகங்சார் போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் ஏற்றம் வருமே, அங்கே முன்பு போட்ட கியரில் இப்போது ஏறுகிறதா என்று பாருங்கள். கியர் குறைக்க வேண்டியிருந்தால் பட்டறையில் முன்மூடியைத் திறந்து அடையாளக் கோடுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் டைமிங்கை டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்கத் தெரிந்த ஆளிடம் போங்கள். காதால் கேட்டே வைத்துவிடுகிறேன் என்பவரிடம் வேண்டாம்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் வழக்கமானவை: அடைத்துப்போன காற்று வடிகட்டி, தேய்ந்த இன்ஜெக்டர் முனை, ஒட்டிக்கொண்டு உரசும் பிரேக், திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டாட். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் வெப்பமுள் கீழேயே கிடக்கும்.

பயோடீசலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மைலேஜ் விஷயத்தில்தான் அது நிரபராதி. பழைய வண்டியில் அது வேறு இரண்டு வேலைகளைச் செய்யும்.

முதலாவது, கரைக்கும் குணம். இருபது வருடமாகத் தொட்டியின் அடியில் படிந்த பிசினை அது மெதுவாகக் கரைத்து எடுத்துவந்து வடிகட்டியில் சேர்க்கும். வடிகட்டி அடைத்தால் வேகத்தில் இன்ஜின் டீசல் போதாமல் திணறும். பல வருடமாக பி10 ஓடும் உங்கள் தொட்டியில் இது பெரும்பாலும் முடிந்திருக்கும். கிடங்கில் பல காலம் நின்ற வண்டியை வாங்கி ஓட்டத் தொடங்குபவர்கள்தான் முதல் சில தொட்டிகளுக்குள் வடிகட்டியை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். பயோடீசல் ஈரத்தை அதிகம் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டு ஈரக்காற்றில் பாதித் தொட்டியோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வடிகட்டியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமுக்கி, கொஞ்சத்தை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த மஞ்சள் டீசல் நிற்கும். அடியில் உருண்டையாகத் தண்ணீர் சேர்ந்திருந்தால், அதுவும் இரண்டுக்கும் நடுவே பழுப்பாக, வழவழப்பாக ஓர் ஆடை மிதந்தால், அது டீசலில் வளரும் கிருமி. அப்போது வடிகட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை, தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும். ஜாடி சுத்தமாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இன்ஜினின் டீசல் பம்பில் கசிவு வந்தாலும் எல்லோரும் செம்பனையைத்தான் திட்டுகிறார்கள். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசல் நாடு முழுக்க வந்தது. கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் மற்ற சேர்மங்களும் மாறும். பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் புது டீசலில் சற்றுச் சுருங்கும், கசியும். பழைய பம்புகளில் இது தெரிந்த கதை. தீர்வு, வைட்டான் ரப்பரில் செய்த சீல் செட். அதைப் போட்டுவிட்டால் நாளைக்குக் கலவை கூடினாலும் கவலையில்லை. கந்தகம் நீக்கிய டீசலுக்கு வழுக்கும் தன்மையும் குறைவு. உங்கள் பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகு. அந்தக் குறையை ஈடுகட்ட ஓரிரு சதவீதப் பயோடீசலே போதும். ஆகவே உங்கள் பழைய பம்புக்கு அது ஒருவகையில் நல்லதே செய்கிறது.

சரி, பி7-க்கு மாறலாமா? மைலேஜுக்காக என்றால் வேண்டாம். பி7 லிட்டருக்கு 20 சென் அதிகம். 60 லிட்டருக்கு 12 ரிங்கிட். பயோடீசல் 3 சதவீதம் குறைவதால் உங்களுக்கு மிச்சமாவது அந்த 60 லிட்டருக்கு 150 மில்லிகூட இல்லை, அதாவது 50 சென். 12 ரிங்கிட் கொடுத்து 50 சென் சம்பாதிப்பானேன்? மைலேஜ் கூடும் என்று விற்கிற குப்பி மருந்துகளுக்கும் இதே பதில்தான்.

பி20 வந்தால்? இன்னும் 0.8 சதவீதம் போகும், லிட்டருக்கு 70 மீட்டர் போல. லங்காவியிலும் லாபுவானிலும் சரவாக்கிலும் 2020-லிருந்து இது கட்டம் கட்டமாக வந்தது. மாறும்போது வடிகட்டியை ஒருமுறை சீக்கிரமாக மாற்றுங்கள், குழாய்களைத் தொட்டுப் பாருங்கள், மெத்துமெத்தென்று ஆகியிருந்தால் மாற்றுங்கள். வண்டியை விற்க இது காரணமாகாது. புது வகை வண்டிகளில் புகைவடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல் இன்ஜின் ஆயிலோடு கலக்கும் தொல்லை உண்டு. கலவை கூடக் கூட அது கூடும். உங்கள் வண்டியில் அந்த வடிகட்டியே கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டீசல் விலை ஏறிய பிறகு மானிய விலைச் சமையல் எண்ணெய், கிலோ 2.50 ரிங்கிட் பாக்கெட், டீசலை விட மலிவாகிவிட்டது. அதை வாங்கித் தொட்டியில் ஊற்றலாமா என்ற ஆசை சிலருக்கு வருகிறது. கூடவே கூடாது. பயோடீசல் என்பது எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பொருள். சமையல் எண்ணெய் டீசலை விடப் பத்து மடங்கு கெட்டி. பம்பை முறுக்கும், இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு பட்டறைக்குப் போகும்.

கடைசியாகக் கேமரன் மலை. செம்பனை பயோடீசல் தனியாக இருந்தால் 15 டிகிரி வாக்கிலேயே மங்கி உறையத் தொடங்கும். அதனால்தான் பி10 வந்தபோதும் கேமரன், கெந்திங், குண்டசாங் போன்ற குளிர்ந்த இடங்களுக்கு பி7 என்று வைத்தார்கள். ஆனால் பத்து சதவீதக் கலவை அந்தக் குளிருக்கே கட்டிப்போய்விடாது. ஈப்போவில் நிரப்பிக்கொண்டு போனதால் வந்த கோளாறு என்று நான் நினைக்கவில்லை. உங்கள் இன்ஜின் பழைய சுழல் அறை வகை, காலையில் எரிய, உள்ளே சூடாக்கித் தரும் குளோ பிளக்கை நம்பியே இருக்கும். நான்கில் இரண்டு செத்திருந்தாலும் ஈப்போவின் சூட்டில் சமாளித்துவிடும், கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவின் விடியற்காலையில் முடியாது. நான்கையும் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகையோடு அடம்பிடித்தால், மறுபடியும் அந்த டைமிங் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.