கேன்சல் செய்தது யார்?

கேள்வி: ஐயா, நாங்கள் வேளச்சேரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 70 நிறைந்து பீமரத சாந்தி முடிந்ததும் வீட்டில் 6 பேரும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து 3 நாள் கப்பல் பயணம் போவதாகத் திட்டம். 2024 டிசம்பர் 1 விடியற்காலை விமானம். அன்று மாலையே கப்பல். மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று மாட்டிக்கொண்ட பயத்தில், முதல் நாள் இரவுக்கு மீனம்பாக்கம் பக்கம் ஒரு ஹோட்டலில் 3 ரூம் எடுத்து, ஆப்பில் 10,800 ரூபாய் கட்டியிருந்தேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்று காரில் போய்க்கொண்டிருந்தபோது ஹோட்டலிலிருந்து போன் வந்தது. "கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்துவிட்டது, ரூம் தர முடியாது, நீங்களே ஆப்பில் கேன்சல் செய்யுங்கள், பணம் வந்துவிடும்" என்றார்கள். செய்தேன். பணம் வரவில்லை. மாலையில் அதே ஹோட்டல் அதே ஆப்பில் ஒரு ரூம் 9,400 என்று காட்டியது. அலைந்து திரிந்து பல்லாவரத்தில் 24,000 கொடுத்து 3 ரூம் எடுத்தோம். மறுநாள் விமானமும் ரத்து, கப்பலும் போய்விட்டது. கப்பல் கட்டணம் 4,60,000, கப்பலுக்குப் பிறகு தங்க சிங்கப்பூரில் எடுத்த ரூம்களுக்கு 58,000, எல்லாம் போச்சு. ஹோட்டல், ஆப், விமான நிறுவனம், கப்பல் நிறுவனம், சிங்கப்பூர் ஹோட்டல், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லோர் மீதும் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். ஹோட்டல் மேனேஜர் 18,000 தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன்.

பதில்: உங்கள் கடிதம் 9 பக்கம், இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். அப்பா இரண்டரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தது, அம்மாவின் இன்சுலின் டப்பாவில் ஐஸ் உருகிப் போனது, போனில் பேசியவரின் தோரணை, எல்லாம் படித்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்கான புகார் மனுவில் இவற்றுக்கு அரைப் பக்கம் போதும். வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில்தான்: அந்த 3 ரூம்களைக் கேன்சல் செய்தது நீங்களா, ஹோட்டலா?

அதற்கு முன் மற்றவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம். நவம்பர் 30 பகலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. இயற்கைச் சீற்றத்தால் விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் அல்லது மாற்று விமானம் உண்டு, அதற்கு மேல் இழப்பீடு கிடையாது. டிக்கெட் பணம் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. துறைமுகத்துக்கு நேரத்துக்கு வந்து சேருவது பயணியின் பொறுப்பு என்று அவர்கள் நிபந்தனையில் இருக்கும். கப்பல் கிளம்பும் நாளன்றே விமானம் பிடிப்பதைத் தயவுசெய்து இனி யாரும் செய்யாதீர்கள்.

சிங்கப்பூர் ஹோட்டல் விஷயத்தில் உங்கள் தம்பியின் நண்பர் ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவை (நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்பது) சொல்லி, "கப்பலே போனபின் ரூம் ஒப்பந்தம் தானாகச் செல்லாது" என்றாராம். அந்த வாதத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அவருடைய உடல்நலக் குறைவால் தள்ளிப்போனது. ஊர்வலம் பார்க்க லண்டனில் ரூம் எடுத்தவர் மீதிப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. அதே விழாவையொட்டிய கடற்படை அணிவகுப்பைப் பார்க்கப் படகு எடுத்தவர் மட்டும் கட்டத்தான் வேண்டும் என்றார்கள், ஏனென்றால் போர்க்கப்பல்கள் அங்கேயே நின்றன, படகும் ஓடத் தயாராக இருந்தது. நீங்கள் அந்தப் படகுக்காரர் நிலையில் இருக்கிறீர்கள். சிங்கப்பூரில் புயல் இல்லை, ரூம் தயாராக இருந்தது, வராதது நீங்கள். நம் உச்ச நீதிமன்றமும் 1954-ல் சத்யப்ரதா கோஷ் வழக்கிலிருந்து 56-வது பிரிவைக் கண்டபடி நீட்ட விட்டதில்லை. வெளிநாட்டு ஹோட்டலை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் நோட்டீஸ் போய்ச் சேரவே மாதங்கள் போகும். விட்டுவிடுங்கள்.

சரி, மீனம்பாக்கத்துக்கு வருவோம். நான் பயப்படுவது இங்கேதான்.

ஹோட்டல்காரர் போன் செய்து "நீங்களே கேன்சல் செய்யுங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கேன்சல் செய்தால் ஆப் நிறுவனத்திடம் அவர் பதில் சொல்ல வேண்டும், உங்களுக்கு முழுப் பணமும் தர வேண்டும். நீங்கள் கேன்சல் செய்தால் பதிவில் 'விருந்தினர் ரத்து செய்தார்' என்று விழும், பணம் திரும்பாத ரேட் என்ற நிபந்தனை உடனே வேலை செய்யும். அதே ரூமை அன்று இரவே இரண்டரை மடங்குக்கு மேல் விற்கவும் முடியும். 2023 மிக்ஜாம் சமயத்தில் என்னிடம் வந்த ஒரு பெருங்குடிக் குடும்பத்துக்கும் இதே போன், இதே வார்த்தைகள். அவர்களிடம் போன் வந்ததற்கான கால் லிஸ்ட் மட்டும்தான் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளைக் காட்டினார்: மதியம் 2:52-க்கு விருந்தினர் ரத்து. "மழையில் வர மனமில்லாமல் அவர்களே விட்டுவிட்டார்கள்" என்றார். நாங்கள் எவ்வளவு பேசியும் அந்தத் தாளைத் தாண்ட முடியவில்லை.

உங்கள் கதை அப்படி முடிய வேண்டியதில்லை. கடிதத்தின் 7-வது பக்கத்தில், வேறு ஏதோ சொல்லும்போது ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போனை வைத்தவுடன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டீர்கள். "ஹோட்டல்ல ரூம் இல்லன்னுட்டாங்க, நம்மளையே கேன்சல் பண்ணச் சொல்றாங்க, பண்ணிடறேன்." நேரம் 3:17. கேன்சல் பதிவு 3:19. அம்மா, உங்கள் வழக்கே அந்த 9 வினாடி வாய்ஸ் மெசேஜ்தான். வழக்கு என்ற நினைப்பே இல்லாத நேரத்தில், சம்பவம் நடக்கும்போதே, சொந்தக்காரர்களிடம் சொன்ன பேச்சு அது. மற்ற 8 பக்கத்தையும் விட அதற்கு மதிப்பு அதிகம். அந்தக் குரூப்பில் மெசேஜ் தானாக அழியும் வசதியை யாராவது போட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். போட்டிருந்தால் நிறுத்திவிட்டு, அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறதா என்று உடனே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மெசேஜ் இருக்கும் போன். ஆதாரம் இருந்த போனைத் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிட்டு, "புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேனே" என்று வருபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்று நீங்கள் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது. எந்தக் கருவி என்ற விவரமும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் ஏதாவது மாறினால் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்) அதில் வரும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துக்கொள்வதில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு இந்த ஆட்சேபணையைக் கட்டாயம் கிளப்பும். 9,400 காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தது உங்கள் தம்பி என்றால், பிரமாணப் பத்திரமும் சான்றிதழும் அவர்தான் தர வேண்டும், அவருடைய போனும் பத்திரமாக இருக்க வேண்டும். அவர் உங்களுக்கு ஃபார்வர்டு செய்த படம் போதாது.

அந்த ஸ்கிரீன்ஷாட் ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே தண்ணீர் புகுந்து ரூம் தர முடியாமல் போயிருந்தால் ஹோட்டலுக்கு 56-வது பிரிவு துணை நிற்கும். அப்போதும் வாங்கிய பணத்தை 65-வது பிரிவின்படி திருப்பித் தர வேண்டும். ஆனால் பல்லாவரத்தில் நீங்கள் கொடுத்த கூடுதல் தொகைக்கு அவர் பொறுப்பில்லை. அதே மாலையில் ரூம் விற்பனையில் இருந்தது என்று காட்டினால்தான் அந்தத் தடுப்பு உடையும். ஆப்பில் பழைய பட்டியல் நீக்கப்படாமல் கிடந்தது என்று அவர்கள் சொல்லக்கூடும். அன்று இரவு அங்கே தங்கிய யாராவது ஒருவர் கிடைத்தால் அந்தப் பேச்சும் அடங்கும். ஆப் நிறுவனத்தைச் சேர்ப்பது சரி. 2020 மின்வணிக விதிகளின்படி, ஒரு தளம் தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், நுகர்வோர் மீது ரத்துக் கட்டணம் சுமத்தக் கூடாது.

இப்போது தொகை. நீங்கள் 10,800-ஐயும் 24,000-ஐயும் கூட்டி 34,800 நஷ்டம் என்கிறீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. ஹோட்டல் ஒழுங்காக நடந்திருந்தாலும் 10,800 உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். ஆக உங்கள் நஷ்டம் 24,000. அதன்மேல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஆணையம் ஏதாவது சேர்க்கும். 25 லட்சம் என்று எழுதுவதால் வழக்குப் பெரிதாகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கட்டிய பணம், கேட்கும் இழப்பீடு அல்ல. பெரிய எண்ணைப் பார்த்தால் எதிர்த்தரப்பு சமரசக் கதவைச் சாத்திவிட்டு வக்கீலை வைத்து இழுக்கும், அவ்வளவுதான்.

மனு எழுதும்போது இன்னொரு குழி. 'பணம் திரும்பாது என்ற நிபந்தனை நியாயமற்ற ஒப்பந்தம்' என்று கோபத்தில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 10,800 ரூபாய் விவகாரத்துக்கு அதிகார வரம்பு வாதம் மட்டுமே ஒரு வருடம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். 'சேவைக் குறைபாடு', 'முறையற்ற வணிக நடைமுறை' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2 வருடக் காலவரையறை 2026 நவம்பர் 30-ல் முடிகிறது. மேனேஜரோடு பேசிக்கொண்டிருப்பது அந்தக் கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். கேன்சல் செய்தது ஹோட்டல்தான் என்று ஆணையம் ஏற்றால் ஆகக் குறைந்தது 10,800, முழுதாக ஜெயித்தால் 24,000-மும் கொஞ்சம் மேலும். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நான் பார்த்தவரை ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிறது. 18,000 அவமானம் இல்லை. 24,000 கேளுங்கள், 21,000-க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கையெழுத்துப் போடும் தாளைப் படிக்காமல் வாங்காதீர்கள். அவர்கள் நீட்டும் ரசீதில் 'இந்தப் பயணம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன' என்று அச்சடித்திருக்கும். அதில் கையெழுத்திட்டால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தத் தாளையே எடுத்து உங்களுக்கு எதிராகக் காட்டும். 'இந்த ஹோட்டலில், இந்த முன்பதிவு எண்ணில், நவம்பர் 30 இரவுக்கான 3 அறைகள் தொடர்பாக மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு கையெழுத்து. புயல் காரணமாக அறை தர இயலவில்லை என்று ஹோட்டலின் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏனென்றால் பெரிய தொகை இருப்பது இன்சூரன்ஸில். டிக்கெட் எடுக்கும்போது ஆளுக்கொரு பாலிசி டிக் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. 4,60,000-மும் 58,000-மும் திரும்ப வழி இருந்தால் அது அந்த 6 பாலிசிகளில்தான். பயண ரத்து, பயணத் தடங்கல் என்ற தலைப்புகளைத் தேடிப் படியுங்கள், இயற்கைச் சீற்றம் அதில் வருகிறதா என்று பாருங்கள். விமான நிறுவனத்திடம் ரத்துச் சான்றும், கப்பல் நிறுவனத்திடமும் சிங்கப்பூர் ஹோட்டலிடமும் 'பணம் திருப்பித் தரப்படவில்லை' என்ற கடிதமும் வாங்கி, இந்த வாரமே கோரிக்கை அனுப்புங்கள். தாமதத்துக்கான காரணத்தை நேர்மையாக எழுதுங்கள். தாமதம் ஒன்றையே காரணம் காட்டி நியாயமான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மறுத்தால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், 'எல்லோர் மீதும்' என்று எழுதிய பட்டியலிலிருந்து முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரை அடித்துவிட்டு, பாலிசிகளை எடுத்து மேசைமேல் வையுங்கள்.