ஊசி குத்தும் முன் உடம்பை இறுக்குங்கள்

வாசகர் கேள்வி, மருத்துவர் குழு பதில்

கேள்வி: எனக்கு 53 வயது. மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்ததால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழாய் விடுவதுகூடப் பயமில்லை, கையில் ஊசி ஏற்றுவதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. முன்பு ரத்தம் எடுத்தபோது இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறேன். மூச்சை நிதானமாக இழுத்து உடம்பைத் தளர்வாக விடச் சொன்னார்கள். அப்படி விட்டபோதுதான் விழுந்தேன். தேதியைத் தள்ளிப் போடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: தள்ளிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்ததற்கு என்ன காரணம் என்று பார்ப்பதுதான் இப்போது முக்கியம். ஊசிப் பயத்தைச் சமாளிக்கப் பழக மூன்று வாரம் போதுமான அவகாசம்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை வேறு வகைப் பயத்துக்கு உரியது. பாம்பையோ உயரத்தையோ கண்டு பயப்படுபவருக்கு நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஆனால் பெரும்பாலும் மயக்கம் வராது. ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டு பயப்படுபவர்களில் பலருக்கு ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். இதயத் துடிப்பும் குறையும். மூளைக்குப் போகும் ரத்தம் போதாமல் காது அடைக்கும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். இது கோழைத்தனம் இல்லை, நரம்பு மண்டலத்தின் அனிச்சைச் செயல். ஒரே குடும்பத்தில் பலருக்கும் இருக்கும். அழுத்தம் இறங்கும் நேரத்தில் தசைகளையும் தளர்த்தினால் கால்களில் ரத்தம் இன்னும் தேங்கும். நீங்கள் விழுந்தது அதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது தசையை இறுக்கும் பயிற்சி. 1980களில் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறை இது. நாற்காலியில் உட்காருங்கள். இரு கைகள், தொடைகள், கெண்டைக்கால்கள், வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடி, பிடித்திருங்கள். மூச்சை அடக்காதீர்கள். பிறகு சாதாரண நிலைக்கு வாருங்கள். துவண்டு போகும் அளவுக்கு விட்டுவிடக் கூடாது, பலர் தவறுவது இங்கேதான். 20 முதல் 30 விநாடி கழித்து மறுபடியும் இறுக்குங்கள். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று வீதம் ஒரு வாரம் செய்யுங்கள். தலைவலி வந்தால் இறுக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் பயத்தைப் படிப்படியாக நெருங்குங்கள். ஊசியின் படத்தைப் பாருங்கள். அடுத்து, ரத்தம் எடுக்கும் காணொளியைச் சத்தமில்லாமல் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சிரப் கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் வைத்திருங்கள். ஸ்பிரிட் பஞ்சால் முழங்கை மடிப்பைத் துடையுங்கள். அந்த வாடையே பலருக்குப் பாதிப் பயம். முடிந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும். தலை சுற்றுவது போலிருந்தால் உடனே இறுக்கத் தொடங்குங்கள்.

இனி அந்த நாளுக்கு வருவோம். பேதி மருந்து குடித்ததில் உடம்பிலிருந்து நிறைய நீர் போயிருக்கும், கை நரம்பு (ரத்தக் குழாய்) சுருங்கிக் கிடக்கும். குத்தியும் கிடைக்காமல் மறுபடி குத்துவது அதனால்தான். ஆகவே மருத்துவமனை தந்த தாளில் எந்த மணிவரை தெளிந்த நீராகாரம் குடிக்கலாம் என்று போட்டிருக்கிறதோ, அதுவரை விடாமல் குடியுங்கள், அதற்குமேல் ஒரு மிடறும் வேண்டாம். குளிர்சாதன அறையில் கை சில்லிட்டாலும் நரம்பு உள்ளே போய்விடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கூப்பிடுவதற்குச் சில நிமிடம் முன்பு கையைத் தொங்கவிட்டு வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதித் தாதியிடம் நீட்டுங்கள்: ஊசி போட்டால் மயங்கி விழுவேன், படுக்கவைத்துத்தான் குத்த வேண்டும், குத்தும் முன் சொல்லுங்கள், இரண்டு தடவை கிடைக்காவிட்டால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். பதற்றத்தில் வாய் வராது. பல நாட்டுத் தாதியர் வேலை செய்யும் சிங்கப்பூரில் எழுதிக் கொடுத்தால் குழப்பமும் இருக்காது. இதை வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

படுத்த பிறகு, குத்தும் கையைத் தளர்வாக விட்டுவிட்டு, மற்றக் கையையும் கால்களையும் வயிற்றையும் இறுக்குங்கள். (சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் இந்தக் கவனம் வேண்டும். ரத்தம் எடுக்கும் கையை மூடி மூடித் திறந்தால் பொட்டாசியம் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.) ஊசி இறங்கும் நொடியில் ஒருமுறை இருமினால் சுருக்கென்ற வலி குறைவாகத் தெரியும், ஆனால் இருமப் போவதாகத் தாதியிடம் சொல்லிவிட்டு இருமுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: கேனுலா போட்ட பிறகு ஊசி உள்ளே இருக்காது. ஊசியை உருவிவிடுவார்கள், வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் தங்கும். தூக்க மருந்து முழுவதும் அதன் வழியேதான் போகும். பெரும்பாலும் ஒரே குத்துதான்.

பயத்துக்காக வீட்டில் யாருடைய தூக்க மாத்திரையையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். முன்கூட்டியே மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு மயக்கம் வராது. வலிக்குத்தான் பயம். மரத்துப்போகும் கிரீம் பூசலாம் என்கிறார்களே, பயன் உண்டா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உண்டு. சரியாகப் பூசாததால்தான் பலர் பலனில்லை என்கிறார்கள். இவ்வகையைச் சேர்ந்த எம்லா கிரீமில் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் இரண்டும் 2.5 சதவீதம் வீதம் இருக்கின்றன. பெரியவருக்கு ஓரிடத்துக்கு ஏறத்தாழ 2 கிராம், அதாவது 5 கிராம் டியூபில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தேய்க்காமல் கனமாகக் குவித்து வைத்து, மேலே காற்றுப் புகாதபடி மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுப்படலம் போட்டு மூட வேண்டும். சமையலறைப் பிளாஸ்டிக் உறையும் போதும். குறைந்தது 60 நிமிடம் ஊற வேண்டும். மருந்தகத்துக்கு வந்தபின் வரிசையில் நின்றுகொண்டு பூசினால் வேலை செய்யாது, வீட்டிலேயே பூசிவிட்டுக் கிளம்புங்கள். எந்த இடத்தில் குத்துவார்கள் என்று முன்பே கேளுங்கள். தெரியாவிட்டால் புறங்கையில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. அந்த இடம் வெளுத்துப்போகும், நரம்பும் சற்றுச் சுருங்கும். அதனால் ஐந்து பத்து நிமிடம் முன்பே துடைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்குப் பிரிலோகெய்ன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு 1965 முதல் இந்தச் சோதனை செய்யப்படுகிறது, உங்கள் பிறப்பு மருத்துவப் பதிவில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாமலே இருக்கக்கூடும். வாங்கும்போது மருந்தாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். புண்ணான தோலில் பூசக் கூடாது. தடுப்பூசி தசைவரை போவதால், அந்த ஆழத்து வலியையும் மறுநாள் கடுப்பையும் கிரீம் தடுக்காது.

கேள்வி: தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பவன் நான். சிறு ஊசியைக் கண்டால் தலை சுற்றுகிறது. வீட்டில் கேலி செய்கிறார்கள். ஏன் இப்படி?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: விரதமிருந்து, பல நாள் மனத்தை ஆயத்தப்படுத்தி, உங்கள் விருப்பத்தால் ஏற்பது காவடி. பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். குளிரூட்டிய அறையில், நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் கையை நீட்டிக் காத்திருப்பது வேறு. அங்கே ஆயத்தமும் இல்லை, அசைவும் இல்லை. உங்கள் பக்தியையும் துணிச்சலையும் இதை வைத்து அளக்க வேண்டாம். கேலிக்குப் பயந்து நீங்கள் சோதனையைத் தவிர்க்கத் தொடங்கினால் கெடுதல் உங்களுக்குத்தான் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். ஈசூன் வாசகிக்குச் சொன்ன பயிற்சிதான் உங்களுக்கும்.

கேள்வி: மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். பள்ளியில் எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி போடுகிறார்கள். அவள் அழுது, சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவே விடமாட்டேன் என்கிறாள். எப்படிச் சமாளிப்பது?
– தாய், செங்காங்

பதில்: 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இந்த ஊசி போடப்படுகிறது. இந்த வயதில் இரண்டு தவணை. முதல் தவணை கசப்பாகப் போனால் இரண்டாவதற்கு அவளைக் கூட்டிப் போவது இரட்டைப் பாடு.

“வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். வலித்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டாள். கிள்ளியது போல ஓரிரு விநாடி இருக்கும், பிறகு ஒன்றிரண்டு நாள் கை கடுக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாளை மறைத்துவைத்துத் திடீரென்று சொல்வதும் கூடாது. எதற்குப் பயம் என்று கேளுங்கள்: வலியா, மயக்கமா, தோழிகள் முன் அழுதுவிடுவோமோ என்பதா? வரிசையில் நின்று முன்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தே பயம் தொற்றும். முதல் ஆளாகவோ தனியாகவோ போட முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுவையுங்கள். பெற்றோர் அருகில் இருந்தால்தான் ஆகும் என்றால், வேறு மருந்தகத்தில் போடும் ஏற்பாட்டையும் பள்ளியிடம் விசாரியுங்கள்.

அன்று காலை பசியாறாமல் அனுப்பாதீர்கள். தோளை இறுக்கினால் ஊசி கூடுதலாக வலிக்கும், அதனால் அந்தக் கையை மடியில் போட்டுவிட்டுத் தொடையையும் வயிற்றையும் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். பதின்ம வயதினர் ஊசி போட்டு எழுந்த பிறகு மயங்கி விழுவதுண்டு, அடிபடுவது அப்போதுதான். 15 நிமிடம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், தோழிகள் கிளம்பினாலும் சரி.

சிறு வயதில் யாரோ அமுக்கிப் பிடித்துக் குத்திய நினைவு அவளுக்கு இருந்தால், தசைப் பயிற்சி மட்டும் போதாது. கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று தாதியோடு முன்பே பேசி வையுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் சொல்லி உளவியலாளரிடம் பரிந்துரை வாங்குங்கள். இந்தப் பயத்துக்கு ஒரே அமர்வில், மூன்று மணி நேரம் வரை நீளும் சிகிச்சை முறையும் உண்டு.