யானை எக்காளமிடாது

கேள்வி: இசைக்கருவிகள் பற்றிய ஆங்கிலச் சிறுவர் நூல் ஒன்றை ஓர் ஏஜென்சிக்காக மொழிபெயர்த்தேன். 'டிரம்பெட்' என்ற சொல் நாற்பது இடங்களில் வருகிறது. இடத்துக்குத் தக்கபடி எழுதினேன். "எங்கள் சொற்பட்டியலில் எக்காளம் என்றுதான் இருக்கிறது. எல்லா இடத்திலும் அதையே போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வோம்" என்கிறார்கள். மாற்றித் தர வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தராதீர்கள். யானை பிளிறுவதையும் ஆங்கிலத்தில் டிரம்பெட் என்றுதான் சொல்வார்கள். மாற்றித் தந்தால் உங்கள் தமிழில் யானை எக்காளமிடும். புத்தகத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், ஏஜென்சியின் பெயர் இருக்காது.

எக்காளமிடுவது என்றால் இன்றைய தமிழில் வெற்றிக் களிப்பில் கொக்கரிப்பது. தேர்தல் முடிவுக்கு மறுநாள் அரசியல்வாதிகள் செய்வது அது. யானை பிளிறும். தொடக்கப் பள்ளியிலேயே படித்த செய்தியை, கூலி கொடுக்கிறவருக்கு நாம் விளக்க வேண்டியிருக்கிறது.

கருவிக்கு வருவோம். பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தும் மூன்று வால்வுகள் தெரிந்தால் டிரம்பெட் என்றே எழுதுங்கள். கல்யாண பேண்டு செட்டு பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அது புரியும். டிரம்பெட் வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கையில் எக்காளத்தைக் கொடுத்தால், சுவாமி புறப்பாட்டில் முன்னே போகும் நீளப் பித்தளைக் குழலோடு அவர் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் நிற்பார். வால்வு என்பதே 1818இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. அதற்கு முந்திய குழல்களில் பெரும்பாலும் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்றினார்கள். ஆகவே எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலிருந்து எடுத்த வெள்ளிக் குழலை எக்காளம் என்று தாராளமாக எழுதலாம். நேரான குழல், வால்வு கிடையாது. வளைந்திருந்தால் கொம்பு. இசையமைப்பாளர் பேத்தோவன் காதில் வைத்துக்கொண்ட 'இயர் டிரம்பெட்' இசைக்கருவியே அல்ல. காது மந்தமானவர்கள் பேச்சைக் கேட்க வைத்துக்கொள்ளும் கூம்புக் குழல். அதை அப்படியே விளக்கி எழுதிவிடுங்கள், புதுச்சொல் ஆக்க உட்காராதீர்கள்.

தன் பெருமையைத் தானே பேசுவதற்கு ஆங்கிலேயர் டிரம்பெட் ஊதுகிறார்கள். நாம் தம்பட்டம் அடிக்கிறோம். அது தோற்கருவி, ஊதவே முடியாது. சொற்பட்டியல் எழுதியவருக்கு இந்த இடத்திலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உங்கள் விருப்பத்துக்கு விடமுடியாத இடம் ஒன்று உண்டு: விவிலியம். டிரம்பெட் ஊத எரிகோ நகரின் மதில் விழும் கதை உங்கள் நூலில் இருந்தால் சொந்தமாகச் சொல் தேடாதீர்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் யோசுவா 6ஆம் அதிகாரத்தில் ஆசாரியர்கள் பிடித்துப் போவது 'கொம்பு எக்காளங்கள்'. மூலத்தில் இருப்பது ஆட்டுக்கடாவின் கொம்பு. அதே வேதாகமத்தில் எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தில் மோசே செய்வது வெள்ளிப் 'பூரிகை'. மத்தேயு 6:2இலோ, தர்மம் செய்யும்போது 'தாரை' ஊதாதே என்று வரும். ஆங்கிலத்தில் மூன்றும் டிரம்பெட். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பைத் திறந்தால், அதே மத்தேயு வசனத்தில் தாரை போய்த் தம்பட்டம் வந்து நிற்கிறது. வேத வசனத்தையே இடம் பார்த்து நான்கு விதமாகப் பெயர்த்திருக்கிறார்கள். உங்கள் ஏஜென்சிக்கு ஒன்றுதான் வேண்டுமாம். எந்த மொழிபெயர்ப்பை எடுப்பது என்று பதிப்பாளரைக் கேளுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்பது சட்டப் பத்திரத்துக்கும் வேதியியல் பாடத்துக்கும் ஏற்ற விதி. அதைக் கதைக்கும் பாட்டுக்கும் நீட்டியது இந்த இடைத்தரகர்கள்தான். அவர்களில் பலர் தமிழே வாசிப்பதில்லை. கணினி இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுச் சிவப்புக் கோடு போடுகிறது. அந்தக் கோட்டை உங்களுக்கு அனுப்பிவிட்டு 'தரச் சோதனை' என்று பெயர் வைக்கிறார்கள். அதற்குச் சோதனைக் கட்டணமும் உங்கள் கூலியிலிருந்தே போகும். நூலைக் கொடுத்த பதிப்பாளருக்கு இப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் மறுத்தேன். அவர்களே கோப்பைத் திறந்து, ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். 'டிரம்பெட்டை எடுத்தான்' என்று நான் எழுதியது 'எக்காளம்டை எடுத்தான்' என்று அச்சில் வந்தது. 'எக்காளம்டில்', 'எக்காளம்டும்' என்று பக்கத்துக்குப் பக்கம். வேற்றுமை உருபு என்று ஒன்று தமிழில் இருப்பதை அந்தக் கோப்பைத் திறந்தவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகையால் இன்றே செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய மூலக் கோப்பைத் தேதியோடு தனியே பத்திரப்படுத்துங்கள். நாற்பது இடங்களையும் பக்க எண், ஆங்கில வரி, உங்கள் தமிழ், ஒரு வரிக் காரணம் என்று அட்டவணையாக்குங்கள். ஒரு மாலைப் பொழுது ஆகும். அதை ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிப்பாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கேளுங்கள். தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களாக மாற்றினால் உங்கள் பெயரை நூலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும், கூலி முழுதாக வர வேண்டும் என்றும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். அடுத்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே சொற்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

அட்டவணையில் யானை வரியை முதலில் வையுங்கள். பதிப்பாளர் அதற்குக் கீழே படிக்கமாட்டார்.