ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பதில் சொல்கிறார்

கேள்வி: சார், "கன்சென்ட் வாங்கிட்டு வா" என்று பி.ஜி. (முதுநிலை மருத்துவ மாணவர்) ஆபரேஷனுக்கான சம்மதக் கையெழுத்து வாங்க அனுப்புகிறார். என்ன ஆபரேஷன் என்றே எனக்கு முழுதாகத் தெரியாது. வாங்கலாமா?

பதில்: கூடாது. விளக்கத் தெரிந்தவர்தான் வாங்க வேண்டும். பி.ஜி.யைக் கட்டிலருகே கூப்பிடுங்கள். எரிந்து விழுவார், ஆனாலும் வருவார். கையெழுத்துப் போட வேண்டியது நோயாளி. கூட வந்தவர் அல்ல. சமீரா கோலி வழக்கைப் படியுங்கள். லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உடனே எடுத்தாக வேண்டிய ஆபத்து எதுவும் இல்லை. தாயின் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவருக்கு ஃபீஸும் இல்லை, 25,000 ரூபாய் இழப்பீடு வேறு.

கேள்வி: பேசுவது சுலபம் சார். எங்கள் வார்டில் நோயாளியே "எனக்கென்ன தெரியும், பையனைக் கேளுங்க" என்கிறார்.

பதில்: பையனையும் உட்கார வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் பேசுவது நோயாளியின் முகத்தைப் பார்த்து. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "ஊருக்குப் போய் என்ன ஆபரேஷன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "ஏதோ டெஸ்ட்டுன்னு சொன்னாங்க" என்றால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: அப்போ நினைவில்லாமல் வரும் விபத்து கேஸ்? அதற்கும் காத்திருப்பதா?

பதில்: உயிர் போகிற நேரத்தில் யார் காத்திருக்கச் சொன்னது? காப்பாற்றுங்கள். ஏன் காத்திருக்க முடியவில்லை என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். நேரம் போடுங்கள்.

கேள்வி: கன்சென்ட்டை நர்ஸ் வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

கேள்வி: பி.பி. பார்க்காமலே 120/80 என்று எழுதுவது இங்கே வழக்கம். நான் மட்டும் என்ன செய்ய?

பதில்: பார்க்காததை எழுதாதீர்கள், காலியாக விடுங்கள். தப்பாக எழுதிவிட்டால் படிக்கும்படி ஒரே கோடு, இனிஷியல், நேரம். வொய்ட்னர் கூடவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன், நேரம்.

கேள்வி: முகம் தெரியாத எக்ஸ்ரேயை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஸ்டைபண்ட் எப்போது வரும்?

பதில்: டீன் அலுவலகம்.

கேள்வி: நோயாளி கேஸ் ஷீட் நகல் கேட்டால்? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள்தானே இப்போது?

பதில்: அவை அதே ஆண்டு ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்களே ஜெராக்ஸ் எடுத்து நீட்டாதீர்கள்; மனுவை ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அலுவலர்) கொடுக்கச் சொல்லுங்கள்.