அப்பப்பாவின் 1960 மொரிஸ் மைனர்: காரின் எஞ்சினை அந்தக் காலத்தில் இருந்தபடியே திருத்துவது எப்படி?

முதலில் எஞ்சின் நம்பர் தகட்டைப் பாருங்கள். 1960இல் வந்தது 948 சிசி. நம்பர் 9எம் என்று தொடங்கும். 10எம்ஏ என்றால் 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சினை யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மைனர்கள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில்தான் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். சிலிண்டரும் பெயரிங்கும் தேயும். ஆகவே தேய்வை அளந்து பார்க்காமல் பெயின்ற் வாங்க ஓடாதீர்கள்.

எஞ்சினின் நிறம் கரும்பச்சை. வெள்ளி நிறம் அடிக்கச் சொல்லும் கராஜ்காரரை நம்ப வேண்டாம். எஸ்யூ காபரேற்றருக்குப் பெயின்றே வேண்டாம், வெறும் அலுமினியமாகவே இருக்கட்டும். டைனமோவைக் கழற்றி ஜப்பான் ஓல்டனேற்றர் போட்டிருந்தால், பற்றரியின் எர்த்தையும் மாற்றியிருப்பார்கள். மைனருக்கு பொசிற்றிவ்தான் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் கார் பொடியோடு இணைந்திருக்கும்.

ஒரே ஒரு விடயத்தில் நான் அசலை விட்டுவிடுவேன். இலங்கையில் 2002 முதல் ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. வால்வு வந்து அமரும் சீற் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஆகவே எக்ஸோஸ்ற் வால்வுக்குக் கடினமாக்கிய சீற் போடுங்கள். வெளியே தெரியவா போகிறது?